மேலே தொலி, கீழே திப்பி

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஒரு மரபு உண்டு. பேச வந்தவர் அறக்கட்டளையை நிறுவியவரைப் போற்ற வேண்டும். தமக்குத் தகுதியில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பேசி அதை மெய்ப்பிக்க வேண்டும். முதல் வேலையை வரவேற்புரை ஆற்றியவர் நிறைவாகவே செய்துவிட்டார். இரண்டாவதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். நேராக மூன்றாவதுக்குப் போகிறேன்.

என் அம்மாயி வீட்டில் ஒரு முறம் இருந்தது. மூங்கில் முறம்தான், ஆனால் மூங்கில் வெளியே தெரியாது. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போடுவார். தனியே வெந்தயத்தை ஊறவைப்பார். இரண்டையும் உரலில் போட்டு ஆட்டி, அந்தக் கூழை முறத்தின் இரு பக்கமும் வழித்துப் பூசி வெயிலில் காயவைப்பார். பின்னலின் இடுக்கெல்லாம் அடைபட்டுவிடும்; மாவு ஒழுகாது. வெந்தயத்தின் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. ஓரம் பெயர்ந்தால் அடுத்த கோடையில் இன்னொரு பூச்சு. கடைசியில் அந்த முறம் எருக்குழிக்குப் போனது. இரண்டு மழைக்குப் பிறகு அங்கே அது இருந்த தடயமே இல்லை.

பல ஆண்டு கழித்துக் கல்லூரியில் கூட்டுப்பொருள் என்றால் என்ன என்று பாடம் கேட்டபோது எனக்கு அந்த முறம்தான் நினைவுக்கு வந்தது. ஒன்று தாங்கும், மற்றொன்று பிடித்துக்கொள்ளும். தாங்குவது நார், பிடித்துக்கொள்வது பசை. தனித்தனியே இரண்டும் உதவாக்கரை, சேர்ந்தால் பொருள். காகிதத்தில் உள்ளது செல்லுலோஸ் நார். வெந்தயத்தின் வழுவழுப்பு கேலக்டோமன்னன் என்னும் பசை. இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகள் மணிபோலக் கோத்த நீண்ட சங்கிலிகள். அதாவது இரண்டுமே பாலிமர்கள். செடி செய்த பாலிமர்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளுக்கு இந்தச் சங்கிலிகளை அறுக்கும் கலை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். அதனால்தான் முறம் எருவானது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் வீட்டிலேயே இருந்தது. பழைய வீடுகளின் கருப்பு சுவிட்சுகள் பேக்கலைட்டால் ஆனவை. 1907-இல் வேதியியலாளர் பேக்லேண்ட் கண்டுபிடித்த அந்தப் பிசின் தனியாக வார்த்தால் நொறுங்கும் என்பதால் அதில் மரத்தூளைக் கலந்தார்கள். ஆக, பேக்கலைட் சுவிட்சுக்குள்ளும் மரம் இருக்கிறது. ஆனால் அது மக்காது. மரத்தூளைச் சுற்றி நிற்கும் பிசின் எந்த நுண்ணுயிரியையும் உள்ளே விடாது. கூட்டுப்பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நார் அல்ல, பசைதான். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி சேலத்துக்கு இறங்குவோம். இருபது கொண்டை ஊசி வளைவுதான்.

ஜவ்வரிசி உண்மையில் நம் ஊர்ச் சரக்கில்லை. மலேயா, இந்தோனேசியத் தீவுகளில் வளரும் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவில் உருட்டியதுதான் அசல் சேகோ. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு மாவெடுக்கும் தொழில்நுட்பம் தெரியும். இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு அந்த வேலையைத் தொடங்கினார்கள். பனை போய்க் கிழங்கு வந்தது. பெயர் மட்டும் சேகோவாகவே தங்கிவிட்டது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாற்றுச் சரக்காகப் பிறந்த ஒன்று அசல் என்று முத்திரை வாங்கிய கதை இது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நான் பேச வந்ததும் பிளாஸ்டிக்குக்கு மாற்றுச் சரக்கைப் பற்றித்தானே.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்குப் போயிருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சி. லாரியில் கிழங்கு வந்து இறங்கும். மாவுச்சத்து எவ்வளவு என்று 'பாயிண்ட்' பார்ப்பார்கள். விலை அந்தப் பாயிண்டுக்குத்தான், எடைக்கு மட்டும் அல்ல. தோலுரித்து, கழுவி, அரைத்து, சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் மாவுப்பால் கீழே இறங்கும். தொட்டியில் தெளிந்தால் ஈரமாவு. சல்லடையின் மேலே தங்கும் வெள்ளைச் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அந்தப் புளித்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாது.

திப்பியைச் சக்கை என்று சொன்னேன். அது அரைகுறை உண்மை. காய்ந்த திப்பியின் எடையில் ஏறக்குறையப் பாதி இன்னும் மாவுதான். நாருக்குள் சிக்கிக்கொண்ட அந்த மாவை எந்தச் சல்லடையாலும் முழுக்க அலசி எடுக்க முடிவதில்லை. ஆலைக்காரருக்கு அது நட்டம். என்னைப் போன்றவனுக்கு அது அதிர்ஷ்டம்: நாரும் பசையும் ஏற்கெனவே கலந்து, ஒரே பொருளாக, களத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.

மாவும் நாரும் ஏன் இவ்வளவு ஒட்டும்? இரண்டும் ஒரே மணியால் ஆனவை. குளுக்கோஸ் என்னும் மணியை ஒரு விதமாகக் கோத்தால் மாவு. வேறு விதமாகக் கோத்தால் செல்லுலோஸ். முதலாவது நமக்குச் செரிக்கும், இரண்டாவது மாட்டுக்குத்தான் செரிக்கும். மாவைத் தண்ணீரோடு சேர்த்து 60, 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் துகள்கள் ஊதிப் பெருத்து உடைந்து கஞ்சியாகும். நெசவாளர் பாவுக்குப் போடும் கஞ்சி இதுதான். அந்தக் கஞ்சியில் சிறிது கிளிசரின் சேர்த்து, சூடான இரும்பு அச்சில் அழுத்தினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி நுரைத்து வெளியேறும். வருவது லேசான, கெட்டியான தட்டு. ஐஸ்கிரீம் கோன் செய்யும் முறையேதான். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மரவள்ளி மாவில் இப்படித் தட்டுகளும் பெட்டிகளும் பல காலமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நானும் செய்தேன். திப்பித் தட்டு ஒன்றைப் பெருமையோடு எடுத்துக்கொண்டு ஓர் ஐப்பசி மாதத்தில் இந்த மலைக்கு வந்தேன். நண்பரின் தோட்டத்து வராந்தாவில் இரவு மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் அது நமத்துப்போன அப்பளம்போல மேசையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனையவில்லை; மூடுபனிக் காற்றே போதுமாக இருந்தது. எடுத்துப்போய் அடுப்பருகே உலர்த்தினேன். காய்ந்தது, தொட்டதும் ஒடிந்தது. ஆறிய சோறு விறைப்பது போல, மாவுச் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிட்டன. சேலத்து வெயிலில் வெற்றி பெற்ற பொருள் 1500 மீட்டர் உயரத்தில் ஒரே இரவில் தோற்றது. என் துறையில் நான் கற்ற பெரிய பாடம் அந்த வராந்தாவில்தான்.

அதற்கு முன்னால் வேறொரு பாடமும் வாங்கியிருந்தேன். திப்பி வாங்கப் போன ஆலையில் முதலாளி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "நல்லதுங்க சார்" என்றார். "தட்டு, டம்ளர் எல்லாம் திப்பியிலயே பண்ணிட்டா, மாடு எதைத் திங்கும்?" அவர் கேலி செய்யவில்லை. காய்ந்த திப்பி மாட்டுத்தீவனமாக விலை போகிறது. ஆய்வுக்கட்டுரையில் 'வேளாண் கழிவு' என்று நாங்கள் எழுதும் பலவற்றுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார்: ஒரு மாடு, ஓர் அடுப்பு, ஒரு கூரை. வைக்கோலைக் கழிவு என்பவர் மாடு வளர்க்காதவர். ஆகவே இப்போதெல்லாம் ஒரு பொருளைக் கழிவு என்று எழுதுமுன், இதை யார் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று ஒரு வாரம் நின்று பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் இந்த மலையில் யாரும் சுமந்துகொண்டு போகாத ஒன்று இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் அது விழுந்துகொண்டே இருக்கிறது: காப்பிப் பழத்தின் தொலி. பழத்தை அப்படியே களத்தில் உலர்த்தி 'செர்ரி'யாக விற்பவர்களின் உமி, கொட்டையோடு மலையிறங்கிப் போய்விடுகிறது. பல்ப்பரில் போட்டுத் தோலுரித்துப் 'பார்ச்மென்ட்' எடுக்கும் தோட்டங்களில்தான் தொலி குவியும். நூறு கிலோ பழத்தில் நாற்பது கிலோவுக்கு மேல் தொலிதான். அதில் காபீனும் டானினும் இருப்பதால் மாடு விரும்பாது, நிறையக் கொடுக்கவும் கூடாது. அக்கறையுள்ளவர்கள் குழியில் போட்டு எருவாக்குகிறார்கள். மற்ற இடங்களில் அது கிடந்து புளிக்கிறது.

தொலி உரிந்த கொட்டையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலம் இருக்கும். அதைத் தொட்டியில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ புளிக்கவைத்துக் கழுவுகிறார்கள். அந்தப் படலத்தில் பெக்டின் நிறைய இருக்கிறது. ஜாம் கெட்டியாவது எதனாலோ அதே பெக்டின். அருமையான இயற்கைப் பசை. அதாவது நாரையும் பசையையும் ஒரே பழம் தருகிறது. நாம் நாரைக் குழியிலும் பசையை ஓடையிலும் விடுகிறோம். கழுவுநீர் சேர்ந்த ஓடையில் உயிர்க்காற்று குறைந்து மீன் திணறுவது இந்தச் சர்க்கரைகளால்தான்.

மலைக்கும் ஆத்தூருக்கும் நடுவே இன்னொரு கூட்டுப்பொருள் மரத்திலிருந்தே விழுகிறது. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் உதிரும் மட்டை. ஊறவைத்து, கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசை வேண்டாம், செல்லுலோஸ் நாரை லிக்னின் பிடித்திருக்கும் ஏற்பாட்டை மரமே செய்து அனுப்பியிருக்கிறது. பொறியாளனுக்கு மிஞ்சியது அச்சை அழுத்துவது மட்டும். இதைவிட நேர்த்தியான ஒன்றை எந்த ஆய்வகமும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 2025-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளை உணவு பரிமாற அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பாக்கில் உள்ள அரெகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் உணவுக்குள் இறங்கக்கூடும் என்பது அவர்கள் கவலை. ஏற்றுமதியை நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி. கவலை அளவுக்கு மீறியதா என்பது வேறு விவாதம். 'இயற்கையானது' என்ற சொல்லைச் சான்றிதழாக நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கடைகளில் 'பயோ' என்று எழுதிய பை கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எதிலிருந்து வந்தது? எங்கே போகும்? இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான்-11 செய்கிறார்கள். செடியிலிருந்து வந்ததுதான், ஆனாலும் மக்காது. பிபிஏடி என்னும் பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது; மக்கிவிடும். மாவிலிருந்து வரும் பிஎல்ஏ மக்கும் என்பது உண்மை, ஆனால் 58 டிகிரிச் சூடு பிடிக்கும் தொழிற்கூட எருக்குவியலில். ஏற்காட்டில் சித்திரையிலும் முப்பது டிகிரியைத் தாண்டுவது அரிது. கோடை விழாவுக்கு வந்தவர் ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் போகும் பிஎல்ஏ கோப்பை, பிளாஸ்டிக் கோப்பையின் பக்கத்திலேயே அதே ஆரோக்கியத்தோடு கிடக்கும். எருவாகும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 தரம் கேட்பது எளிதில் புரியும்: 180 நாளைக்குள் பொருளின் கரிமத்தில் 90 விழுக்காடு கரிவளியாக மாற வேண்டும். எந்தச் சூட்டில் என்ற சிறிய எழுத்தை வாங்குபவர் படிப்பதில்லை.

இதைவிட மோசமான வகை ஒன்றும் உண்டு. 1970-களில் இங்கிலாந்தில் கிரிஃபின் என்பவர் பாலிஎத்திலீனில் மாவைக் கலந்து பை செய்யலாம் என்று காட்டினார். மண்ணில் போட்டால் மாவை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். பை சல்லடையாகி உதிரும். கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, உண்மைதான். பாலிஎத்திலீன் எங்கும் போகவில்லை. பொடியாகி மண்ணோடு கலந்துவிட்டது. பொறுக்கி எடுக்கக்கூடிய குப்பையைப் பொறுக்க முடியாத குப்பையாக்கும் வித்தை இது.

நமத்துப்போன என் தட்டுக்கு வருகிறேன். தண்ணீரைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. முந்திரித் தோட்டு எண்ணெய்ப் பிசின் பூசலாம். ஆமணக்கெண்ணெயிலிருந்து பாலியூரித்தேன் செய்து பூசலாம். ஏத்தாப்பூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக நிலையம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்ந்தே இருப்பது எனக்கு ஒரு சைகைபோலவே தோன்றும். ஆனால் பூச்சு கெட்டியாகக் கெட்டியாகப் பேக்கலைட் சுவிட்சை நோக்கி நடக்கிறோம். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் நுண்ணுயிரியும் போகாது. நனையாமலும் இருக்க வேண்டும், மக்கவும் வேண்டும் என்று ஒரே பொருளிடம் கேட்பது, கல்யாணமும் ஆக வேண்டும், சந்நியாசமும் கொடு என்று கேட்பது போலத்தான்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டேன். திப்பியிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்பதை நிறுத்தினேன். நனைந்து, மெல்லத் தளர்ந்து, குறிப்பிட்ட மாதத்தில் அழிவதே வேலையாக உள்ள பொருள் எது என்று தேடினேன். பதில் நான் தங்கியிருந்த அதே தோட்டத்தில், வராந்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாற்றங்காலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

காப்பி விதையை மார்கழி, தையில் பாத்தியில் ஊன்றுகிறார்கள். முளைத்துத் தலையில் விதைத்தோலோடு நிற்கும் பருவத்தைத் தோட்டக்காரர்கள் பட்டன், டோப்பி என்பார்கள். அப்போது பிடுங்கி, காட்டுமண் ஆறு பங்கு, தொழுவுரம் இரண்டு, மணல் ஒன்று என்று நிரப்பிய ஒன்பதுக்கு ஆறு அங்குலக் கருப்புப் பாலித்தீன் பையில் நடுகிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பையைக் கிழித்து எறிந்துவிட்டு நாற்றைக் குழியில் வைக்கிறார்கள். பைக்குள் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டிருந்தால் அந்த அடிப்பகுதியையும் வெட்ட வேண்டும். வெட்டாமல் நட்டால் செடி பின்னால் பழிவாங்கும். கிழித்த பைகள் சில்வர் ஓக் மரத்தடியில் கிடக்கும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, அரசுத் துறைகள் கேட்டு வாங்கும் நாற்றங்கால் பைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது தவறில்லை. மாற்று இல்லை. மூங்கில் கூடையில் காப்பி நாற்று வளர்த்த காலத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று யாரிடம் சொல்வது?

நாற்றுத் தொட்டிக்கு வேண்டிய ஆயுள் ஆறேழு மாதம். தினம் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குள் சரியக்கூடாது, அதற்குமேல் நிற்கவும் கூடாது. திப்பி மட்டும் என்றால் இரண்டு வாரம் தாங்காது. தென்னைநார் மட்டும் என்றால் லிக்னின் மிகுதியால் வருடக்கணக்கில் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே காப்பித் தொலி நிற்கிறது. பச்சையாகப் போட்டால் அதன் காபீனும் டானினும் இளவேருக்கு ஆகாது. அரைகுறையாக மக்கவைத்துப் போட வேண்டும். இன்னொரு சூட்சுமம்: கரிமம் மிகுந்த தொட்டியைத் தின்ன வரும் நுண்ணுயிரிகள் தழைச்சத்துக்கு மண்ணைத்தான் உறிஞ்சும், நாற்று மஞ்சளாகும். தொலியில் தழைச்சத்து இருப்பதால் அந்தத் திருட்டு குறைகிறது. ஆக, மேலே இருக்கும் தொலி, கீழேயிருந்து கொஞ்சம் திப்பி, கட்டுக்குக் கொஞ்சம் தென்னைநார். மாட்டின் பங்கில் அதிகம் கைவைக்க வேண்டியதில்லை. பசைக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

வேறு வழிகளிலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஈகோவேடிவ் நிறுவனம் 2007 முதல் வேளாண் சக்கையில் காளான் இழையை வளர்த்து, அந்த இழையையே பசையாக்குகிறது. சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் அதே வழியில் பொதியும் பொருள் செய்திருக்கிறார்கள். ஈரம் மிகுந்த இந்த மலை காளானுக்கு உகந்தது என்பதால் அந்தப் பக்கமும் எனக்கு ஒரு கண் உண்டு. ஆனால் காளானுக்குத் தூய்மையான அறை வேண்டும். கஞ்சிக்கு ஓர் அடுப்பு போதும். பல்ப்பர் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது அடுப்புதான்.

கையால் அழுத்தும் அச்சில் சில தொட்டிகள் செய்து நண்பரின் நாற்றங்காலில் வைத்தோம். மாசியில் வைத்தவற்றில் சிலவற்றைக் கரையான் வைகாசிக்குள் முடித்துவிட்டது. சில ஒரு பக்கம் பிளந்தன. மீதியிருந்தவற்றில் ஆணிவேர் அடியில் சுருளவில்லை. சுவரைத் துளைத்து வெளியே வந்து, நுனி வெள்ளையாக, காற்றில் நின்றது. நாற்றங்காலில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஒரு தொட்டியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"பை கிழிக்கிற வேலை மிச்சம் சார். ஆனா விளிம்பைப் புடிச்சுத் தூக்கினா கையோட வருது. நாங்க விளிம்பைப் புடிச்சுத்தான் தூக்குவோம்."

அச்சைத் திரும்பவும் செய்யக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை விளிம்பு இரண்டு மடங்கு தடிமன்.